கணப்பும் கரும்புகையும்

நுவரெலியாவில் மாலைப்பொழுது விரைந்து வந்துவிடும். கதிரவன் மறையுமுன்னரே பீதுருதாலகால மலையின் உச்சி பனிமூட்டத்துள் மறைய, பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலேறி வரும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் அமைந்த ஊர் அது. கொழும்பிலே மக்கள் விசிறி தேடும் வேளையில் அங்கே கம்பளி தேடுவர். தை மாசி மாதங்களில் சில இரவுகளில் தரையிலே உறைபனி படிவதுமுண்டு. அந்த மாலைப்பொழுதில் தேயிலை மலைகளை உயரமான ஓரிடத்தில் நின்று நோக்குவோர்க்கு இருவகைப் புகை தென்படும். மேட்டிலே நிற்கும் பங்களாவின் செங்கற் புகைபோக்கியிலிருந்து ஒரு புகை நேராக மேலெழும். கீழே வரிசையாக நிற்கும் லயங்களின் தகரக் கூரையிடுக்குகளிலிருந்து மற்றொரு புகை கசிந்து, கூரையோடு கூரையாகப் படர்ந்து நிற்கும்.

ஒரே தோட்டம், ஒரே குளிர், பெரும்பாலும் ஒரே விறகு. ஆயினும் புகை மட்டும் இரண்டு வழியாகப் போகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தால், அவ்வாராய்ச்சி நுவரெலியாவிலிருந்து ஸ்கொத்லாந்துக்கும், அங்கிருந்து பாரிஸ் மாநகரத்து மாளிகைகளுக்கும் இட்டுச் செல்கிறது.

குளிர்காய்வதற்கென மூட்டும் தீயைக் கணப்பு என்பது தமிழ் வழக்கு. தமிழர் அதனை அறியாதவரல்லர். சங்க நூலாகிய நெடுநல்வாடை, வாடைக்காற்று வீசும் கூதிர்காலத்தில் மக்கள் குளிர்ந்த நீரை வெறுத்து, அகன்ற வாயையுடைய தடவு என்னும் தீச்சட்டியில் நெருப்பிட்டு இருந்ததைக் கூறுகிறது. ஆயின், சுவரைக் குடைந்து அதனுள்ளே தீயை வைத்து, அதன் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும் கணப்பு வெப்பநாட்டு வீடுகளுக்கு வேண்டப்படாத ஒன்று. அது குளிர்நாட்டார் கண்ட அமைப்பு. அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, விறகோ நிலக்கரியோ எரியும் தீயிடம். மற்றொன்று, புகை செல்லும் வழி. மூன்றாவது, அறையை நோக்கி நிற்கும் முகப்பு. இவற்றுள் முகப்பை அழகுக்கலையாக உயர்த்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் கணப்பின் முகப்பைத் தாழ்த்தி அமைக்கத் தொடங்கினர். அதற்கு முன் அம்முகப்பு கூரைவரை எழுந்து அறையையே ஆண்டுகொண்டிருந்தது. இப்போது அது மார்பளவு உயரத்தில் ஒரு சலவைக்கல் மேடையாக நின்றது. மேடையின் மேலுள்ள சுவரிலே பெரிய நிலைக்கண்ணாடியைப் பதித்தனர். மேடைமீது வைத்த மெழுகுதிரி ஒன்று, கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்து அறை முழுவதற்கும் ஒளியூட்டியது. பதினைந்தாம் லூயி மன்னன் காலத்தில் அம்முகப்பின் கோடுகள் கொடிபோல் வளைந்தன. சிப்பியும் இலையும் நீரலையும் கலந்த நெளிவுகள் அதன் அணிகளாயின.

அழகு மிகுந்திருந்ததேயன்றிச் சூடு மிகுந்திருந்ததில்லை. வெர்சாய் அரண்மனையில் 1695ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அரசரின் உணவு மேசையிலேயே கிண்ணத்து நீரும் மதுவும் உறைந்துபோயின என்று அரச குடும்பத்துப் பெண்மணியொருவர் தமது கடிதத்தில் எழுதியுள்ளார். அகன்ற வாயையுடைய அக்கணப்புகள் விறகை விழுங்கின. எழுந்த வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து வானத்துக்குப் போயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. எரிமலைச் சாம்பலின்கீழ் புதைந்துகிடந்த உரோமானிய நகரங்களாகிய ஹெர்குலேனியத்தில் 1738ஆம் ஆண்டிலும், பொம்பெயியில் 1748ஆம் ஆண்டிலும் அகழ்வுகள் தொடங்கின. பண்டை வீடுகளின் சுவரோவியங்களையும் வெண்கலக் கலங்களையும் கண்ட ஐரோப்பியக் கலைஞர், நெளிவை விட்டு நேர்மையை நாடினர். பழைய கிரேக்க உரோமானிய ஒழுங்கைப் புதிதாகத் தழுவிய அக்கலைநெறி, பதினாறாம் லூயி அரசாண்ட 1774 முதல் 1792 வரையான காலத்தில் பிரான்சிலே முழுமை பெற்றது.

அக்காலத்துக் கணப்பு முகப்பொன்றை மனக்கண்முன் நிறுத்துவது தமிழர்க்கு அரிதன்று. கோயிற்கலை அறிந்தோர்க்கு அதன் உறுப்புகள் பழகியவைபோலவே தோன்றும். இருபுறமும் நெடுக வரிப்பள்ளம் செதுக்கிய சிறு தூண்கள் நிற்கும். அவற்றின்மீது நேரான உத்தரம் கிடக்கும். உத்தரத்தின் நெற்றியிலே பட்டிகைபோல ஓர் அணிவரிசை ஓடும். அதில் வாகையிலை மாலைகள் தோரணம்போல் தொங்கும். இடையிடையே நாடா முடிச்சுகளும் வட்டமலர்களும் அமையும். நடுவிலே பூரணகும்பத்தை நினைவூட்டும் கலசமொன்று செதுக்கப்பட்டிருக்கும். தீயிடத்தின் முன்னே, எரியும் கட்டைகள் உருண்டுவிடாமல் தடுக்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டு இருக்கும். அவற்றின் முகத்தில் கலசமோ தேவதாருக் காயோ பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் மின்னும். மேடைமீது நடுவே ஒரு கடிகாரமும் இருமருங்கும் சாடிகளும் வைப்பர். வலப்புறத்தில் உள்ளது இடப்புறத்திலும் இருத்தல் வேண்டும் என்பதே அந்நெறியின் முதல் விதி.

அக்காலத்து வெண்கலப் பணியிலே முதன்மை பெற்றவர் பியேர் கூத்தியேர் என்பவர். லூவசியேன் என்னும் இடத்தில் கட்டடக் கலைஞர் லெது எழுப்பி 1771ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிறு மாளிகையின் கணப்புகளுக்கு அவரே வெண்கல அணிகளைச் செய்தார். அந்தப் பொன்னொளி எவ்வாறு வந்தது என்பதையும் அறிதல் தகும். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி வெண்கலத்தின்மீது பூசுவர். பின்னர் அதனைக் கனல்மீது காட்டுவர். பாதரசம் ஆவியாகிப் பறந்துபோகப் பொன்மட்டும் ஒட்டிநிற்கும். பறந்துபோன ஆவி பட்டறையை விட்டு எளிதில் வெளியேறவில்லை. தொழிலாளியின் நெஞ்சுக்குள் இறங்கிற்று. கைநடுக்கமும் பல்லுதிர்வும் அத்தொழிலின் கூலியோடு சேர்ந்து வந்தவை. பிரபுவின் அறையில் மின்னிய மாலைக்குப் பின்னே ஒரு பொற்பூச்சுக்காரனின் மூச்சு இருந்தது.

இந்தக் கலைநெறி பிரித்தானியாவுக்குச் சென்ற வழியிலே ஒரு ஸ்கொத்லாந்தியர் நிற்கிறார். 1728ஆம் ஆண்டில் பிறந்த ரொபேட் அடம், கட்டடக்கலை பயில இத்தாலிக்குச் சென்றபோது அவருக்கு வரைதற்கலையில் வழிகாட்டியவர் கிளெரிஸோ என்னும் பிரெஞ்சுக் கலைஞர். உரோமாபுரியில் வாழ்ந்த பிரானேசியின் நட்பும் அவருக்குக் கிட்டிற்று. கணப்புகளை அணிசெய்யும் பல்வேறு முறைகளைப் படங்களாக வரைந்து 1769ஆம் ஆண்டில் ஒரு பெருநூலே வெளியிட்டவர் அந்தப் பிரானேசி. நாடு திரும்பிய அடம், கலசமும் தோரணமும் வரித்தூணும் கொண்ட மெல்லிய முகப்புகளைப் பிரித்தானிய மாளிகைகளில் அமைத்தார். சலவைக்கல்லோடு அவை நின்றுவிடவில்லை. 1759ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில் தொடங்கிய கரோன் வார்ப்பாலை, அடம் குடும்பத்தாரின் கோலங்களை இரும்பிலே வார்த்தது. சிற்பி ஒருமுறை செதுக்கிய அச்சு, இரும்பிலே பன்முறை பிறந்தது. பிரபுவுக்கென எழுந்த அணி இவ்வாறு நடுத்தர வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

முகப்பு இவ்வளவு வளர்ந்தும் புகைவழி வளரவில்லை. அதனைத் துப்புரவு செய்யும் பணியும் சிறுவர் தலையிலேயே விழுந்தது. குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டுவதற்கு இலண்டனில் ஏழைச் சிறுவரும், பாரிஸில் சவோய் மலைநாட்டுச் சிறுவரும் அமர்த்தப்பட்டனர். அத்தொழிலில் வளர்ந்தவரைப் பற்றிய புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் 1775ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வைத்தியவுலகம் தெளிவாகக் கண்டது அப்போதுதான். எட்டு வயதுக்குக் குறைந்தோரை இப்பணியில் அமர்த்தலாகாது என்று 1788ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே சட்டம் வந்தது. எனினும் சிறுவர் ஏறுவது முற்றாக ஒழிய 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புகைவழியைச் சீர்செய்தவர் ஒரு விஞ்ஞானி. றம்போட் பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தொம்சன், 1796ஆம் ஆண்டில் கணப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தீயிடத்தின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். பக்கச்சுவர்களைச் சாய்த்து அமைத்தால் அவை வெப்பத்தை அறைக்குள் வீசும். புகை நுழையும் கழுத்தை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்கினால் புகை திரும்பி வராமல் விரைந்து மேலேறும். அவர் கூறியவை இவ்வளவே. சிற்பிக்கு இதில் வேலையில்லை; கொத்தனுக்குச் சில செங்கற்களே செலவு. ஆயினும் பல நூறு சலவைக்கல் மாலைகள் தராத சுகத்தை அச்செங்கற்கள் தந்தன.

இவ்வாறு முகப்பும் புகைவழியும் செம்மையடைந்திருந்த காலத்திலேதான் இலங்கை மலைநாட்டிலே ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கினர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவில் தமக்கென ஓர் இல்லம் கட்டினார். அதுவே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக விரிந்தது. பின்னர் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1869ஆம் ஆண்டில் கோப்பியிலை நோய் தோன்றிப் பயிரை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பிடித்தது. டெய்லர் ஸ்கொத்லாந்தியர். அவரைப்போலவே தோட்டத்துரைமாருள் பெருந்தொகையினர் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தனர். டன்கெல்ட், கிளென்கெயார்ன், எடின்பரோ என்னும் தோட்டப்பெயர்கள் அவர்களுடைய ஊர் நினைவுகளே. ஊர்ப்பெயரைக் கொண்டுவந்தவர் கணப்பை விட்டுவிட்டு வருவாரா?

தொடக்ககாலத் துரைமார் வாழ்ந்தவை மண்ணும் மரமும் கொண்ட குடில்களே. பாரச்சாமான்கள் மாட்டு வண்டியிலேதான் மலையேற வேண்டியிருந்தன. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தபின்னர் அத்தடை நீங்கிற்று. 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹில் கிளப் மண்டபத்திலும், தோட்டப் பங்களாக்களின் விறாந்தைக்கு உட்புறமான கூடங்களிலும் கணப்புகள் இடம்பெற்றன. பாரிஸ் மாளிகையின் சலவைக்கல்லையும் பொன்முலாமையும் அவற்றிலே தேடுவது வீண். அவை அக்கலைநெறியின் தொலைதூரத்து உறவினர். கருங்கல்லோ செங்கல்லோ சட்டமாக நிற்க, அதன்மீது கனத்த மரப்பலகை கிடக்கும். எனினும் உறவு மறையவில்லை. இருபுறமும் ஒத்த தூண்கள், மேலே நேரான உத்தரம், பலகையின் நடுவே கடிகாரம், இருமருங்கும் இணையான சாடிகள் என்று பதினாறாம் லூயி காலத்து இலக்கணம் மலைநாட்டுப் பங்களாவிலும் எளிமையாக நிலைபெற்றது.

அந்தக் கணப்பை மூட்டியவர் யார்? துரை குளிர்காய்ந்தார், மூட்டியவர் பங்களா வேலைக்காரர். தென்னிந்தியாவிலிருந்து கடல்கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறிய மக்களின் பிள்ளைகள் அவர்கள். மரம் வெட்டியவரும், விறகைப் பிளந்து மேட்டுக்குச் சுமந்தவரும், காலையில் சாம்பலை அள்ளியவரும், பித்தளைக் குமிழ்களைத் துலக்கியவரும் அவர்களே. துரை வேட்டையாடி வருவதற்குள் தீ தழைத்து எரிய வேண்டும். அறையிலே புகை வரலாகாது. ஈரவிறகைச் செத்தையோடு அடுக்கிப் புகையில்லாமல் மூட்டும் நுட்பம் அவர்களுடைய கைகளுக்கு வந்தது. புகைவழியின் பயனை மலைநாட்டிலே அவர்களைப்போல் அறிந்தோர் வேறிலர்.

பணி முடிந்து அவர்கள் திரும்பிச் சென்ற இடம் லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பரா ஒன்றிலே ஒரு குடும்பம் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் அங்கேயே. மழையிலே கொழுந்து பறித்து நனைந்துவந்த பெண், கம்பளியை அடுப்பின் மேலே உலர்த்திவிட்டு, கவ்வாத்து வெட்டிய மிலாறை ஊதி எரிப்பாள். அதுவே உலை, அதுவே கணப்பு. பிள்ளைகள் அதனைச் சுற்றி ஒடுங்கியிருப்பர். ஆனால் மேலே புகைபோக்கி இல்லை. புகை கூரையிலே முட்டி, சுவரைக் கருக்கி, கண்ணைக் கரித்து, நெஞ்சிலே தங்கிவிட்டுத்தான் வெளியேறும்.

அந்த அடுப்பும் அணியற்றதன்று. அதனைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகுவர். பொங்கல் நாளில் அதன்மீது கோலமிடுவர். மாவிலைத் தோரணம் கட்டி, கலசம்போல் பானையை மஞ்சளால் அலங்கரித்து வைப்பர். தீ எரியும் இடத்தை அழகுசெய்ய வேண்டும் என்னும் உணர்ச்சி வெர்சாய் அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. லயத்துக் காம்பராவிலும் அது இருந்தது. தோரணமும் கலசமும் இரண்டிடத்தும் உண்டு. லயத்துக்குக் கிடைக்காதது அணியன்று, புகைபோக்கியே. அதற்குச் சலவைக்கல் வேண்டியதில்லை. சில செங்கற்களும் அவற்றை வைக்க வேண்டுமென்ற மனமும் போதும்.

காலம் மாறியது. 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. ஹட்டனுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பழைய பங்களாக்களுள் சில 2005ஆம் ஆண்டு முதல் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாயின. அவற்றின் கணப்புகள் பேணப்படுகின்றன. அது வரவேற்கத் தக்கதே. கைத்திறன் எங்கிருந்து வந்ததாயினும் அழியவிடுதல் அறிவாகாது. ஆனால் பங்களாவின் கணப்பு வரலாற்றுச் சின்னமாகும் இக்காலத்திலும், லயத்துப் புகை வரலாறாகிவிடவில்லை. விறகு முதலிய எரிபொருள்களின் வீட்டுப்புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் உயிரிழந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. எரிவாயு பரவிய வீடுகளிலும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வாயுக் கலன் கிடைக்காதபோது விறகடுப்பு மீண்டும் எரிந்தது.

வழி இல்லாமலில்லை. இலங்கையிலே 1980ஆம் ஆண்டுகளில் பரவத் தொடங்கிய அனகி என்னும் களிமண் அடுப்பு, ஒரே தீயில் இரண்டு பானைகளை ஏற்றிக் குறைந்த விறகில் சமைக்க உதவுகிறது. அதனைக் குயவர் வனைகின்றனர். அதன்மேல் நல்ல புகைபோக்கியும் அமையுமாயின், றம்போட் பிரபு சீமான்களின் மாளிகைக்குச் செய்த உதவி லயத்துக் காம்பராவுக்கும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னராவது வந்து சேரும்.

நுவரெலியாவுக்குச் சென்று பழைய கணப்பொன்றின் முன் அமர்வோர் அதன் தூண்களையும் உத்தரத்தையும் கண்டு மகிழட்டும். பின்னர் சற்றே குனிந்து, தீக்கு மேலே இருண்டு நிற்கும் அப்புகைவழியையும் நோக்கட்டும். பொற்பூச்சுக்காரனுக்கும், கரி சுரண்டிய சிறுவனுக்கும், மிலாறு ஊதிய தாய்க்கும் அந்த இருட்டிலேதான் கதை உண்டு. கணப்பின் கலை முகப்பிலே தொடங்குவதன்று. தீயருகே இருப்பவர் தடையின்றி மூச்சுவிடும்போதே அது தொடங்குகிறது. அவ்வாறு தொடங்கும் நாளில், மாலைவேளையில் மலைமேட்டில் நின்று பார்ப்பவர்க்கு இருவகைப் புகை தென்படாது. பங்களாவிலிருந்தும் லயத்திலிருந்தும் ஒன்றுபோலவே அது நேராக மேலெழும்.